ரெடிமேட் பட அட்டையா, நாமே வரைவதா?

ஜி.ஆர்.இ., எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்காக அரிய ஆங்கிலச் சொற்களைப் படத்தோடு படிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. படத்தோடு கிடைக்கும் அட்டைகளை ஆன்கி போன்ற செயலியில் இறக்கிக்கொள்ளலாம். வெற்று அட்டை வாங்கி நாமே வரையலாம். இரண்டையும் பழகிப் பார்த்த நான் வரையும் பக்கம்தான்.

ரெடிமேடின் வசதி தெரிந்ததே. ஆயிரக்கணக்கில் கிடைக்கும், பஸ்ஸில் நின்றபடியே புரட்டலாம், எதை என்றைக்குத் திரும்பக் காட்டுவது என்று செயலியே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் படத்தை யோசித்தவர் வேறு யாரோ. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். 'க்ரெபஸ்குலர்' என்று ஒரு சொல். விடியலிலும் அந்தியிலும் மங்கல் வெளிச்சத்தில் நடமாடும் பிராணிகளைக் குறிக்கும். நான் இறக்கிய அட்டையில் சிவந்த சூரிய அஸ்தமனம் மட்டும் இருந்தது. மனதில் 'மாலை' என்று பதியும். விடியலும் பிராணியும் விட்டுப்போகும். நாமே வரைய உட்கார்ந்தால் அப்படி விட முடியாது. இரண்டு ஓரத்திலும் பாதிச் சூரியன், நடுவில் ஒரு முயல். பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

'டிஃபெனஸ்ட்ரேஷன்', ஜன்னல் வழியே ஆளைத் தூக்கி எறிவது. விழுகிறவரை மட்டும் வரைந்தால் போதாது, தள்ளும் கைகளும் வேண்டும். 1618-ல் பிராக் கோட்டையில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் அவர்களுடைய செயலாளரையும் இப்படித்தான் வெளியே வீசினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் முப்பதாண்டுப் போர் அதை ஒட்டித்தான் மூண்டது. அந்த மூவரையும் ஒரு ஜன்னலுக்கு வெளியே குச்சி மனிதர்களாகப் போட்டுப் பாருங்கள், சொல் மறக்காது.

ஓவியத் திறமை வேண்டாமா? வேண்டாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே கூடுதலாக நினைவில் நின்றன. வரைய 4 நொடி மட்டும் கொடுத்தபோதும் அப்படித்தான். அவை ஏற்கெனவே தெரிந்த எளிய சொற்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'நாட்வித்ஸ்டாண்டிங்' (இருந்தபோதிலும்) போன்ற இணைப்புச் சொற்களிடம் படம் எடுபடாது. அவற்றுக்கு ஒரு நல்ல வாக்கியம் போதும். தேர்வு அடுத்த மாதம் என்றால் எல்லாவற்றையும் வரைய நேரம் இருக்காது. அப்போது ரெடிமேடை வைத்துக்கொண்டு, அடிக்கடி தடுக்கும் சொற்களை மட்டும் வரையுங்கள். வரைந்ததை போனில் படம் எடுத்து அதே செயலியில் ஏற்றிவிட்டால், திருப்பிப் பார்க்கும் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.