நர்சிங் உதவியாளர் கோர்ஸ்: தொற்றுத் தடுப்பு வகுப்பு எப்படி?

எங்கள் ஊர் தனியார் மையம் ஒன்றின் நர்சிங் உதவியாளர் கோர்ஸில் தொற்றுத் தடுப்பு வகுப்புக்கு மட்டும்தான் இந்த ரிவ்யூ, மற்றதெல்லாம் சுமார் ரகம்.

கை கழுவச் சொல்லித் தருவதில் குறையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 தருணங்களை (நோயாளியைத் தொடும் முன், சுத்தம் காக்க வேண்டிய வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர் மாதிரி ஏதாவது பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், மேசையைத் தொட்ட பின்) ஒப்பிக்க விடாமல், கட்டிலில் பொம்மையைக் கிடத்திச் செய்ய வைக்கிறார்கள். சானிடைசர் என்றால் 20-30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் மொத்தம் 40-60 விநாடி. கட்டைவிரலை விட்டால் மறுபடி முதலிலிருந்து! கையில் அழுக்கு தெரிந்தால் சோப்புதான், சி.டிஃப் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு என்றாலும் சோப்புதான், ஏனென்றால் அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது என்று காரணத்தோடு சொன்னார் மேடம். கிளவுஸ் கழற்றியதும் கை சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்பதிலும் கறார்.

யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும் என்பதையும் நன்றாகக் காட்டினார்கள்.

சொதப்பல், பாதுகாப்பு உடை கழற்றும் பாடம். மொத்த பேட்ச்சுக்கும் ஒரே செட், ஒருவர் கழற்ற நாங்கள் வேடிக்கை பார்த்தோம். கழற்றும்போதுதான் கிருமி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அதைப் போய் இப்படியா? கழிவுப் பைகளுக்கு (ஊசிக்கு வெள்ளை டப்பா, கட்டுத்துணிக்கு மஞ்சள், குழாய்களுக்குச் சிவப்பு) சுவரில் ஒரு மங்கிப்போன சார்ட், அவ்வளவுதான்.

5க்கு மூன்றரை. சேருமுன் ஆளுக்கொரு கவுன் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.