நரைக்காத கேப்டன்: ஆறு மாத ஷிப்பிங் டிப்ளமோ பற்றி ஒரு பழைய மாணவி

போன மாதம் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பி, "சித்தி, இதில் சேரலாமா?" என்று கேட்டான். திறந்து பார்த்தால் நான் 2017இல் படித்த அதே இடம். அதே ஆறு மாத ஷிப்பிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ. வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டை, கையில் பைனாகுலருடன் அதே கேப்டன். இத்தனை வருடத்தில் அவருக்கு ஒரு நரைகூட விழவில்லை.

அவனுக்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. யாரோடும் சண்டை இல்லை. தவிர, தூத்துக்குடி, சென்னை, கொச்சி எங்கே போனாலும் இந்த மாதிரி நோட்டீஸும் இந்த மாதிரி கேப்டனும் உண்டு. நான் படித்தது தூத்துக்குடியில். இப்போது இதே ஊரில் ஒரு ஃபார்வர்டர் (மற்றவர்கள் சரக்கைக் கப்பலில் அனுப்பிக் கொடுக்கும் கம்பெனி) ஆபீஸில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கேப்டனை இறக்கிவிடுவோம். இந்தப் படிப்புக்கும் கப்பலில் ஏறுவதற்கும் சம்பந்தமே கிடையாது. கப்பல் வேலைக்கு டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற பயிற்சி, மாலுமிக்கான இண்டோஸ் நம்பர், சிடிசி என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம் என்று தனி வழி இருக்கிறது. நாங்கள் படித்தது கரை வேலை. லைன் (கப்பல் கம்பெனி) ஏஜென்ட் ஆபீஸ், ஃபார்வர்டர், கஸ்டம்ஸ் புரோக்கர் (கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுப்பவர், ஊரில் இன்னமும் சிஎச்ஏ என்றுதான் சொல்வோம்), சிஎஃப்எஸ் யார்டு (கன்டெய்னரில் சரக்கை ஏற்றி இறக்கும் இடம்), டெர்மினல், இவ்வளவுதான் எல்லை. அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் சேரும்போது அதைச் சொல்ல வேண்டாமா? எங்கள் பேட்ச்சில் மணப்பாட்டுப் பையன் ஒருவன் இருந்தான். "இதை முடித்தால் படிப்படியாகக் கப்பலுக்குப் போகலாம்" என்று கவுன்ட்டரில் சொன்னதை நம்பி வந்தவன். இரண்டாவது மாதம் விஷயம் தெரிந்து நின்றுவிட்டான். கட்டிய பணம் திரும்பவில்லை.

ஃபீஸ் அப்போது 42,000 ரூபாய், இரண்டு தவணை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. ஏசி ஓடும், புரொஜெக்டர் ஓடும். அதில் ஓடிய ஸ்லைடுகளை ஒரு எம்பிஏ படித்த தம்பி இங்கிலீஷில் வாசிப்பார். நல்ல பையன்தான். ஆனால் கன்டெய்னர் கதவை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

புத்தகம் இன்னும் மோசம். நாங்கள் சேர்ந்தது ஜூனில். ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதுவரை இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரி போக சிவிடி, எஸ்ஏடி என்று இரண்டு கூடுதல் வரிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பெரும்பாலான சரக்குக்கு அந்த இரண்டும் போய், அந்த இடத்தில் ஐஜிஎஸ்டி வந்து உட்கார்ந்தது. செப்டம்பர் கடைசியில் சிஐஎஃப் (சரக்கு விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி சேர்ந்த) மதிப்பின் மேல் ஏற்றும் 1 சதவீத லேண்டிங் சார்ஜும் போய்விட்டது. எங்கள் புத்தகத்துக்கு இது எதுவும் தெரியாது. நவம்பரில் நடந்த பரீட்சையில்கூட சிவிடி கணக்கு கேட்டிருந்தார்கள். பழைய முறையில் போட்டவர்களுக்குத்தான் மார்க்.

இத்தோடு நிறுத்தினால் ஐந்துக்கு ஒன்று போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் செவ்வாயும் வியாழனும் சார் வருவார்.

கிளியரிங் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். புரொஜெக்டரை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். முதல் நாளே ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்வது) படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கையால் நிரப்ப வேண்டும். "சார், இப்ப எல்லாம் ஆன்லைன்ல ஐஸ்கேட் வழியாத்தானே?" என்று கஸ்டம்ஸ் இணையதளத்தைச் சொல்லி ஒருவன் கேட்டான். "கம்ப்யூட்டர் நீ அடிச்சதை அப்படியே அனுப்பிரும்டே. நீ என்ன அடிக்கணும்னு அதுக்குத் தெரியாது" என்றார். அழித்து எழுதினால் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கொடுப்பார். நான் ஏழு படிவம் கிழிபட்டவள்.

எச்எஸ் கோடு (ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள வகைப்பாட்டு எண்) நடத்திய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. உலகம் முழுக்க முதல் ஆறு இலக்கம் ஒன்று, நம் நாட்டில் எட்டு வரை போகும் என்று புத்தகத்தில் ஒரு வரி. சார் எங்களை ஊர்ச் சரக்கில் இறக்கிவிட்டார். உப்பு 2501. கோவில்பட்டித் தீப்பெட்டி 3605. கொல்லத்துக்குப் போகிற தோட்டோடு உள்ள முந்திரி 0801இல். அப்புறம் ஒருநாள் மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைத்து, இது என்ன கோடு என்றார். பேக்கரிப் பண்டம், 1905 என்றது ஒரு பக்கம். சீனியும் முட்டை வெள்ளைக்கருவும்தானே அதிகம், மாவே இல்லையே, 1704இல் மிட்டாயோடு சேர்க்க வேண்டும் என்றது இன்னொரு பக்கம். எட்டரை மணி வரை வாதம். எந்தத் தலைப்பின் குறிப்பு எதை விலக்குகிறது என்று டாரிஃப் புத்தகத்தைப் புரட்டப் பழகினது அன்றைக்குத்தான். சார் 1905 பக்கம். எனக்கு இன்றும் முழுத் திருப்தியில்லை. பொட்டலம் வாதத்துக்கு முன்பே காலியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

தீப்பெட்டியை வைத்தே அபாயச் சரக்கும் நடத்தினார். சேஃப்டி மேட்சஸ் ஐஎம்டிஜி (கடல்வழி அபாயச் சரக்கு விதிகள்) வகைப்பாட்டில் 4.1, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், யுஎன் நம்பர் 1944. லைனுக்குச் சொல்லாமல் சாதாரணச் சரக்கு மாதிரி புக் பண்ணினால் என்ன ஆகும் என்று அவர் விவரித்த விதத்தில், அன்றைக்கு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவே யோசனையாக இருந்தது.

ஆனால் கட்டிய பணத்துக்கு நியாயம் செய்தது அவர் கொண்டுவந்த பழைய ஃபைல்கள்தான். பார்ட்டி பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) டிராஃப்ட் மூன்றையும் நீட்டுவார். "இதுல நாலு தப்பு இருக்கு. கண்டுபிடிச்சவன் வீட்டுக்குப் போகலாம்." முதல் வாரம் யாருமே வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை. நெட் வெயிட்டைவிட கிராஸ் வெயிட் குறைவாக இருக்கும். பேக்கிங் லிஸ்ட்டில் 412 அட்டைப்பெட்டி, பிஎல்லில் 421. இன்வாய்ஸில் எஃப்ஓபி, பிஎல்லில் ஃபிரைட் பிரீபெய்டு. எஃப்ஓபி என்றால் கப்பல் கூலி வாங்குபவன் பாடு. அப்படியிருக்க இங்கே யார் முன்கூட்டிக் கட்டினார்கள்? அதைக் கேட்கத் தோன்றாதவரைக்கும் பதினொரு இன்கோடெர்ம்ஸையும் (விற்பவன் பாடு எது, வாங்குபவன் பாடு எது என்று பிரிக்கும் விதிகள்) மனப்பாடம் செய்து புண்ணியமில்லை.

நான்காவது தப்பு எப்போதும் கன்டெய்னர் நம்பரில் இருக்கும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, அதிலிருந்து ஏறுமுகமாக, 11இன் மடங்குகளை மட்டும் தாண்டிப் போக வேண்டும். எல்லாவற்றையும் இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. சிஎஸ்கியூயு 305438 என்று சார் போர்டில் எழுதுவார். கூட்டுத்தொகை 6185, மீதி 3. கட்டத்துக்குள்ளும் 3 இருந்துவிட்டால் நம்பர் சரி.

இதெல்லாம் எதற்கு, சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளுமே என்று நானும் நினைத்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, கட்-ஆஃப் நெருங்கிய நேரத்தில் டிரைவர் யார்டிலிருந்து போனில் நம்பர் சொன்னார். பின்னால் லாரி ஹாரன், காற்று. துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தேன், மீதி ஒத்துவரவில்லை. "அண்ணே, கதவுப் பக்கம் போய் இன்னொரு தடவை வாசிங்க" என்றேன். எட்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. மேனேஜர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து டிராஃப்ட்களை என் மேசைக்கும் ஒருமுறை அனுப்பச் சொன்னார்.

நோட்டீஸில் போட்டிருந்த 'போர்ட் விசிட்' மூன்று தடவை தள்ளிப்போனது. என்ட்ரி பாஸ் கிடைக்கவில்லை என்றார்கள். கடைசியில் சார்தான் தனக்குத் தெரிந்த ஒரு சிஎஃப்எஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். சீல் எப்படிப் பூட்டுகிறது, எம்ப்டி பெட்டிக்குள் நின்று கதவை மூடி எங்கே வெளிச்சம் வருகிறது என்று எப்படிப் பார்ப்பது, மரப் பேலட்டில் எச்டி (சூட்டில் பதப்படுத்தியதற்கான) முத்திரை எங்கே இருக்கும், எல்லாம் அன்று பார்த்தது. திரும்பும்போது ரோட்டில் காற்றாலை இறக்கை ஒன்று லாரியில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அதன் பின்னாலேயே வந்தோம். விஜிஎம் பற்றி, அதாவது 2016 ஜூலையிலிருந்து எடை சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதியைப் பற்றி, சார் பஸ்ஸுக்குள்ளேயே பாடம் நடத்திவிட்டார்.

'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எனக்கு வரும் என்று சொன்ன மூன்று அழைப்பில் ஒன்று சென்னையில் கூரியர் குடோன், ஒன்று இன்ஷூரன்ஸ் விற்பனை, ஒன்று வரவே இல்லை. இப்போதைய வேலைக்குச் சார்தான் போன் போட்டுச் சொன்னார். தொடக்கச் சம்பளம் 9,500. எங்கள் பேட்ச்சில் 23 பேர். இந்தத் தொழிலில் இன்றைக்கும் இருப்பதாக எனக்குத் தெரிந்தவர்கள் ஏழு பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த சர்டிபிகேட்டைக் காட்டி கஸ்டம்ஸில் ஒரு பேப்பரிலும் கையெழுத்துப் போட முடியாது. அதற்குக் கஸ்டம்ஸ் தேர்வில் தேறி வாங்கும் ஜி கார்டு வேண்டும். அந்தத் தேர்வை எழுத ஏற்கெனவே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் வேலையில் இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது டிப்ளமோவைப் பார்ப்பதைவிட கார்டு இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். மூன்று வருடம் ஒதுக்க வசதியுள்ள பிள்ளைகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ் பிபிஏ பார்க்கலாம். 2008இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், பட்டம் எங்கேயும் செல்லும். வேலையில் இருந்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு லண்டன் சார்ட்டர்டு ஷிப்புரோக்கர்ஸ் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1911இல் தொடங்கி, 1920இல் அரச சாசனம் பெற்றது. அஞ்சல்வழியிலேயே படித்துத் தேர்வு எழுதலாம். எங்கள் சீனியர் ஒருவர் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். லேசான பரீட்சை இல்லை. மனிதர் தீபாவளிக்கும் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போன சனிக்கிழமை அந்த மாடி ஏறினேன். ஏசி புதிது. ஃபீஸ் 65,000. சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு யாரைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "அவரு நின்னு நாலு வருஷம் ஆச்சு மேடம், இப்ப எல்லாம் ஸ்மார்ட் கிளாஸ்" என்றார். புத்தகத்தைப் பார்க்கலாமா என்றேன். கொடுத்தார்கள். இன்கோடெர்ம்ஸ் பக்கத்தைத் திறந்தேன். டிஏடி என்ற பழைய விதி அப்படியே இருந்தது. 2020 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டு டிபியு கொண்டுவந்தாயிற்று. பக்கத்தை விரலால் காட்டினேன். "அதெல்லாம் கிளாஸ்ல அப்டேட் பண்ணிருவோம் மேடம்" என்றார்.

அன்றைக்கே கட்டினால் 5,000 தள்ளுபடி என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கிவிட்டோம்.

ஆக, நான் படித்த படிப்புக்கு மதிப்பெண் கேட்டால், இடத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை, சாருக்கு நாலே முக்கால். மக்ரூன் விஷயத்தில் கால் மார்க் பிடித்துக்கொண்டேன். இப்போது அங்கே மிச்சம் இருப்பது ஒன்றரை மட்டும்தான். வேறு இடத்தில் விசாரிப்பவர்கள் யார் நடத்துகிறார்கள், அவர் எந்த ஆபீஸில் எத்தனை வருடம் இருந்தார் என்று கேளுங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்கார விடச் சொல்லுங்கள். பழைய ஃபைல் ஏதாவது கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

பையன் திங்கட்கிழமையிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு இரண்டு வாரம் சும்மா வந்து பார்க்கப் போகிறான். மேனேஜரிடம் கேட்டபோது, என்ன படித்திருக்கிறான் என்று அவர் கேட்கவில்லை. "இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எப்படிம்மா?" என்றார்.