மெதுவாகப் போகும் ரயில்களில் எங்கள் ஞாயிறுகள்: டாய்ச்லாண்ட் டிக்கெட்டுடன் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்

2021 அக்டோபரில் மியூனிக் வந்து சேர்ந்தேன். அந்த முதல் குளிர்காலத்தில் குளிரைவிட என்னை அதிகமாக வாட்டியது ஞாயிற்றுக்கிழமைதான். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் திறக்காது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க் போன்ற சில இடங்களை விட்டால் ஒரு பாக்கெட் பால்கூடக் கிடைக்காது. தெரு ஓய்ந்து கிடக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். சனிக்கிழமை சமையலும் துணி துவைப்பும் முடிந்த பிறகு, திங்கள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்த வாரங்கள் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு மெல்ல ஒரு கூட்டம் சேர்ந்தது. மென்பொருள் வேலையில் இருக்கும் கும்பகோணத்து அண்ணா ஒருவர், முதுகலை படிக்க வந்திருந்த கோயம்புத்தூர்த் தங்கை, ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அக்கா, மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் மலையாளி நண்பர், நான். ஐந்து பேர்.

முதலில் நாங்களும் எல்லாரையும் போல விமானத்தில்தான் தொடங்கினோம். 2022 வசந்தத்தில் மலிவு விலையில் பார்சிலோனாவுக்கு டிக்கெட் கிடைத்தது. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு நள்ளிரவில் திரும்பினோம். டிக்கெட் விலை குறைவாகத் தெரிந்தாலும் பைக்குத் தனிக் கட்டணம், இரண்டு முனையிலும் விமான நிலையப் பஸ், இரண்டு இரவுக்கு அறை என்று கூட்டிப் பார்த்தபோது ஒரு மாதத்து மளிகைச் செலவைத் தாண்டிவிட்டது. சக்ராடா பமிலியா தேவாலயத்தின் வாசலில் நின்ற நேரத்தைவிட விமான நிலைய வரிசைகளில் நின்ற நேரமே அதிகம். எனக்கு அதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று: ஐந்து பேரில் மூன்று பேர்தான் போயிருந்தோம். தங்கையிடம் அந்த மாதம் பணம் இல்லை. "அடுத்த முறை வருகிறேன், அண்ணா" என்றாள். செவிலிய நண்பருக்கு ஞாயிறு பணி. ஒரு மாதம் முன்பே முடிவு செய்யும் பயணத்தில் வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு இடமில்லை.

அந்த ஆண்டே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோவில் நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்தில் போகலாம் என்று அரசு அறிவித்தது. கோடை முழுவதும் ரயில்களில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் அந்த மூன்று மாதங்களில்தான் நாங்கள் ஐவரும் முதல்முறையாக ஒன்றாகப் பயணம் செய்தோம். 2023 மே 1 அன்று, அதே போல நாடு முழுவதும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 49 யூரோவில் வந்தபோது முதல் நாளே வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு மாதம்கூட விடவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இது மாதச் சந்தா. நகர ரயில், சுரங்க ரயில், டிராம், நகரப் பஸ், ஊர்களை இணைக்கும் வட்டார ரயில் எல்லாவற்றிலும் நாடு முழுவதும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. உங்கள் பெயரில் இருப்பதால் வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். விலை 2025 ஜனவரியில் 58 யூரோ ஆனது, 2026 ஜனவரியில் 63 யூரோ. இரண்டு முறையும் வருத்தமாக இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குத் தினமும் போய்வர எப்படியும் ஒரு மாதச் சீட்டு தேவை. அந்தச் சீட்டே வார இறுதியில் மலைக்கும் ஏரிக்கும் கூட்டிப்போகிறது என்பதால், பயணத்துக்கு என்று நான் தனியாக எடுத்துவைப்பது சாப்பாட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் மட்டுமே.

எங்களுக்குள் இது செய்த மாற்றத்தை விலையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. "யார் எவ்வளவு தர வேண்டும்" என்ற பேச்சு நின்றுபோனது. படிக்கும் தங்கையும் சம்பளம் வாங்கும் அண்ணாவும் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு ஒரே ரயிலில் ஏறினார்கள். இரவுப் பணி முடித்துவிட்டு நேராக நிலையத்துக்கு வந்து, ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கியபடியே செவிலிய நண்பர் எங்களுடன் வந்தார். வர முடியாவிட்டால் அவருக்கும் நட்டமில்லை, எங்களுக்கும் சங்கடமில்லை.

முடிவைக் காலையில் எடுக்கலாம் என்பது அடுத்த பெரிய சுகம். ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கார்மிஷ் பார்டன்கிர்ஹன் பக்கம் பார்ட்னாக் மலையிடுக்குக்குப் போவதாகத் திட்டம். விடிந்து பார்த்தால் ஆல்ப்ஸ் முழுவதும் மழை. நிலையத்தில் நின்றபடி பலகையைப் பார்த்தோம், எதிர்த் திசையில் ரேகன்ஸ்பூர்க் நகரத்துக்குப் போகும் ரயில் நின்றது. ஏறிவிட்டோம். வடக்கே மேகம் விலகியிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலத்தின் நடுவில் நின்று, கீழே சுழித்து ஓடும் டானூப் நதியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கும்பகோணத்து அண்ணா காவிரியின் படித்துறைகளைப் பற்றி அன்று பேசியது போல வேறு எப்போதும் பேசியதில்லை.

இத்தனை பயணங்களில் ஒன்றைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் கோனிக்ஸே ஏரியைச் சொல்வேன். மியூனிக்கிலிருந்து பிரைலாசிங் வரை ஒரு ரயில், அங்கே மாறி பெர்ஹ்டஸ்காடன் வரை இன்னொன்று, பிறகு ஏரிக்கரைக்குப் பஸ். எல்லாம் இந்தச் சீட்டிலேயே அடக்கம். மூன்று மணி நேரத்துக்கு அருகில் ஆகும் என்பதால் விடியற்காலையே கிளம்புங்கள். படகுக்கு மட்டும் தனிக் கட்டணம். 1909 முதல் அங்கே மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. எஞ்சின் இரைச்சல் இல்லாமல், இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும் பாறைகளுக்கு நடுவே படகு நழுவிப் போகும்போது பேசத் தோன்றாது. ஓரிடத்தில் படகை நிறுத்திவிட்டு, படகுக்காரர் கொம்பு வாத்தியம் ஒன்றை எடுத்து ஊதுவார். சற்றுப் பொறுத்து அதே இசையைப் பாறை திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டபோது அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. இந்த நாட்டிலேயே பிறந்தும் இங்கே வந்ததில்லை என்றார். அவருடைய பெற்றோருக்கு வேலை நாட்களும் ஓய்வு நாட்களும் வேறு வேறாக இருந்ததில்லை.

பெரும்பாலோர் வெங்காயக் குமிழ் போன்ற செந்நிறக் கூரை கொண்ட புனித பார்த்தலோமே தேவாலயத்தோடு இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். கடைசித் துறையான சாலெட் வரை போங்கள். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஓபர்ஸே என்ற சிறிய ஏரி. காற்றில்லாத நாளில் மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கும். கரையோரமாக நடந்து மறுமுனைக்குப் போனால் மாடு மேய்ப்பவர்களின் குடில் ஒன்றில் மோர் கிடைக்கும். கெட்டியான, சற்றுப் புளித்த மோர். உப்பும் இஞ்சியும் நாங்கள் கொண்டுபோயிருந்தோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாலெட்டிலிருந்து திரும்ப வேறு சாலை கிடையாது.

ரயில்களில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், நடுவழியில் அவை பிரிவது. மியூனிக்கின் தெற்கே போகும் ரயில்கள் ஒன்றாகக் கிளம்பி, ஷாஃப்ட்லாஹ் போன்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டேகர்ன்ஸே ஏரிக்கும் மறு பாதி லெங்க்ரீஸுக்கும் போகும். ஒரு முறை கூட்டம் அதிகமாக இருந்ததால் நாங்கள் தனித்தனிப் பெட்டிகளில் ஏறினோம். நானும் தங்கையும் ஜன்னலில் ஏரி வரும் வரும் என்று காத்திருந்தோம். மலைதான் வந்தது. சாப்பாட்டுப் பை எங்களிடம், தண்ணீர் அவர்களிடம். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சந்தித்தபோது அந்த மூவரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் பலகையில் அந்தப் பெட்டி போகும் ஊர் எழுதியிருக்கும். ஏறுமுன் அதைப் படியுங்கள்.

சாப்பாடு என்றதும் சொல்ல வேண்டியது: கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், கோடையில் மாதுளை முத்து போட்ட தயிர்ச்சாதம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் மரத்தடி பீர் தோட்டங்களில், விரிப்பு போடாத மேசைகளில் அமர்ந்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடலாம் என்பது பழைய வழக்கம். 1999இல் மாநில அரசு கொண்டுவந்த விதியின் விளக்கத்திலும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். குடிக்க ஏதாவது அவர்களிடம் வாங்கினால் போதும். நாங்கள் ஆப்பிள் சாறில் சோடா கலந்த பானத்தை வாங்கிக்கொண்டு, வாழையிலை வாசம் இல்லாத குறை ஒன்றைத் தவிர நிறைவாகச் சாப்பிட்டிருக்கிறோம். பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் புளியோதரையைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, தன் முள்ளங்கித் துண்டுகளில் பாதியை எங்கள் தட்டில் வைத்தார்.

குறைகளும் உண்டு. வார இறுதிகளில்தான் தண்டவாள வேலைகள் அதிகம் நடக்கும். ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், பயணம் இரட்டிப்பு நேரம் எடுக்கும். ஒரு பிப்ரவரி இரவு இணைப்பு ரயில் தவறி, சிறிய சந்திப்பு நிலையம் ஒன்றில் காத்திருப்பு அறைகூட இல்லாமல் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். தாமதமானால் அதிவேக ரயிலில் ஏறிக்கொள்ளும் உரிமை இந்தச் சீட்டுக்கு இல்லை. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு இழப்பீடு 1.50 யூரோ, அதுவும் 4 யூரோ சேர்ந்த பிறகே கைக்கு வரும். ஆகவே கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தைய ரயிலில் திரும்புங்கள். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் சீட்டைக் காட்ட முடியாது என்பதால் பவர் பேங்க் ஒன்று எங்கள் பையில் எப்போதும் இருக்கும்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் வரைக்கும் இதே சீட்டில் போகலாம். ஆனால் 2015 முதல் அந்த எல்லையில் சோதனை நடக்கிறது. திரும்பி வரும்போது போலீசார் பெட்டிக்குள் வருவார்கள். கடவுச்சீட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும்.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களுக்கு மாதச் சீட்டு எடுக்கத் தேவையில்லை. பவேரியா மாநில நாள் சீட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு, சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். என் பெற்றோர் வந்திருந்தபோது அவர்களுடன் இப்படித்தான் லிண்டாவ் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனோம். துறைமுக வாசலில் காவல் இருக்கும் கல் சிங்கத்தை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் ஞாயிறுகளில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையையும், டிசம்பர் சனிக்கிழமைகளில் நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தையையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டும் அழகானவை, கூட்டம்தான் அந்த அழகைப் பார்க்க விடாது. டாகாவ் வதைமுகாம் நினைவிடத்தைச் சுற்றுலாப் பட்டியலில் இன்னொரு இடமாகச் சேர்க்க வேண்டாம். அங்கே போகும் நாளில் வேறு எங்கும் போகாதீர்கள். நாங்கள் நால்வர் போனோம், திரும்பும் ரயிலில் யாரும் பேசவில்லை.

சென்ற ஆண்டு செவிலிய நண்பருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை மாற்றம் ஆனது. கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். இப்போது மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு ஊர்களுக்கும் நடுவில் உள்ள உல்ம் நகரத்தில் சந்திக்கிறோம். அவர் மேற்கிலிருந்து ஒரு வட்டார ரயிலில் வருகிறார், நாங்கள் கிழக்கிலிருந்து. அங்குள்ள தேவாலயக் கோபுரம் 161.5 மீட்டர். 2025 அக்டோபர் இறுதியில் பார்சிலோனாவின் சக்ராடா பமிலியா தாண்டிப்போகும் வரை உலகத் தேவாலயங்களில் மிக உயரமானது அதுதான். நவம்பரில் அதன் அடியில் நின்று நான் அந்தச் செய்தியைச் சொன்னபோது, "அப்போது என்னால் வர முடியவில்லையே, அந்தக் கோபுரமா?" என்று தங்கை கேட்டாள். அவளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. வரும் ஞாயிறு அவள் முறை: இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொண்டுவருகிறாள். எட்டு மணி ரயில், பின்பக்கத்திலிருந்து இரண்டாவது பெட்டி.