காலேஜ் பேஸ்பால் ரெக்ரூட்டிங்: 'உங்கள் பையனைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று ஃபோன் வந்தால்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். காலேஜ் டீமில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ரெக்ரூட்டிங் கம்பெனிகளுக்குப் பணம் கட்டி ஏமாந்த பெற்றோர் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதைதான். பையன் ஒன்பதாவது படிக்கும்போது இணையத்தில் ஓர் இலவசப் படிவத்தை நிரப்புகிறான். சில நாளில் ஃபோன் வருகிறது. 'எங்கள் ஸ்கவுட் (திறமையுள்ள ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர்) உங்கள் மகனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்து பேச வேண்டும்' என்கிறார்கள். பிறகு ஒரு மணி நேர வீடியோ கால். பையனை வைத்துக்கொண்டே அவன் கனவுக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்பார்கள். இந்த விலை இன்று மட்டும்தான் என்பார்கள். மகன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்த அப்பாவுக்கு மறுக்க வாய் வரும்? சில ஆயிரம் டாலருக்கு மாதத் தவணை முடிவாகிவிடும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இந்த ஆட்டத்தின் உள்விவகாரம் தெரியாது என்பது அவர்களுக்கு இன்னும் வசதி.

பேசியவர் விற்பனையாளர். பையன் ஆடி ஒரு இன்னிங்ஸ்கூட அவர் பார்த்ததில்லை. காசுக்குக் கிடைப்பது ஒரு ப்ரொஃபைல் பக்கம், வெட்டி ஒட்டிய வீடியோ, நூற்றுக்கணக்கான காலேஜ்களுக்கு ஒரே வாசகத்தில் போகும் மின்னஞ்சல், 'இத்தனை கோச்சுகள் உங்களைப் பார்த்தார்கள்' என்ற அறிவிப்பு. மொத்தமாக வரும் கடிதத்தைக் கோச்சுகள் திறப்பதே அபூர்வம். அவர்களுடைய முகவரி அந்தந்தக் காலேஜ் விளையாட்டுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு தேதி. பையன் 11ஆம் வகுப்பு தொடங்கும் வருடத்தின் ஆகஸ்ட் 1க்கு முன்னால் டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பேஸ்பால் கோச் அவனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதவோ ஃபோன் செய்யவோ, காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி விடாது. விவரப் படிவமும் கேம்ப் (காலேஜ் கோச்சுகள் கட்டணம் வாங்கி நடத்தும் பயிற்சி முகாம்) விளம்பரமும் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே ஒன்பதாவதில் காலேஜ் முத்திரையோடு வரும் 'அழைப்பு' கேம்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். கேம்பை யார் வந்தாலும் சேரும்படி நடத்த வேண்டும் என்பதும் விதி. எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் இவற்றை வைத்து மட்டுமே கட்டுப்படுத்தலாம். அங்கே 'தேர்வு' என்ற பேச்சுக்கே இடமில்லை. உண்மையிலேயே ஆர்வமுள்ள கோச் எந்த மேட்சில் பார்த்தேன் என்று சொல்வார், மதிப்பெண் பட்டியல் கேட்பார், டிராவல் டீம் (ஸ்கூலுக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டீம்) கோச்சைக் கூப்பிட்டு விசாரிப்பார். அந்த ஆகஸ்ட் 1க்குப் பிறகு, கேம்புக்குப் பணம் கட்டுமுன் மகனே எழுதிக் கேட்கட்டும்: 'என் வீடியோவைப் பார்த்தீர்களா? என் வருட செட்டில் என் இடத்துக்கு இன்னும் ஆள் தேவையா?' பதில் வராவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லைக் கேட்டதும் உஷாராகுங்கள். 2024-25 வரை டிவிஷன் 1 டீமுக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், புதிய ஏற்பாட்டை (ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தத்தை) ஏற்ற காலேஜ்களில் அந்த வரம்பு போய், டீமில் 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. 34 பேருக்கும் பணம் தரலாம், தந்தே ஆக வேண்டும் என்றில்லை. டீம் சுருங்கியதோடு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக 21 வயதுக்காரர்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். டிவிஷன் 2இல் மொத்தம் 9. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிப்புக்கான உதவித்தொகை உண்டு. ஜூனியர் காலேஜை (இரண்டு வருடக் காலேஜை) யாரும் விற்பதில்லை, ஆனால் அவற்றின் விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏவின் டிவிஷன் 1 டீமுக்கு 24 ஸ்காலர்ஷிப் வரை உண்டு. ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்தால் அதில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேசினால் உடனே விலகுங்கள். அப்படிப்பட்ட கட்டணம் பையனின் ஆடும் தகுதியையே கெடுக்கும்.

மதிப்பெண்ணைப் பற்றி இந்த விற்பனையாளர்கள் வாயே திறப்பதில்லை. டிவிஷன் 1க்கு 16 கோர் பாடங்கள் (என்சிஏஏ கணக்கில் எடுக்கும் முக்கியப் பாடங்கள்), அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும். அதில் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிய வேண்டும். அவற்றில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். 12ஆம் வகுப்பு தொடங்கியபின் அந்தப் பத்தை மறுபடி எழுதி மதிப்பெண் கூட்டிக்கொள்ள முடியாது. ஒன்பதாவதிலேயே ஸ்கூல் கவுன்சிலரிடம் இந்தக் கோர் பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஃபோனை டிரைபாடில் வையுங்கள். இரண்டு, மூன்று நிமிட வீடியோ போதும், பாட்டு வேண்டாம். வீடியோவின் தொடக்கத்தில் பெயர், ஹைஸ்கூல் முடிக்கும் வருடம், உயரம், எடை, ஆடும் இடம், எந்தக் கை. பேட்டிங்கை மார்புப் பக்கமிருந்து எடுங்கள். பிட்சருக்குக் கேட்சரின் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்து, ராடார் வேகத்தையும் காட்டுங்கள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) என்றால் இரண்டு பக்கமும் ஓடி எடுப்பதும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு முழு வீச்சும் தெரியட்டும். 60 கஜ ஓட்டம், கேட்சரின் பாப் டைம் (பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க எடுக்கும் நேரம்) போன்ற எண்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கோச்சின் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஒரு பொய் எண்ணோடு பேச்சு முடிந்துவிடும்.

இருபது, முப்பது காலேஜ்களின் ரோஸ்டரை (ஆட்டக்காரர் பட்டியலை) பார்த்து, உங்கள் பையன் வந்து சேரும் வருடம் அந்த இடத்தில் யார் வெளியேறுகிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். கடிதத்தை அப்பா எழுதக்கூடாது, மகன் எழுத வேண்டும். ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் ஒரு வாரம் முன்னால் எந்த மைதானம், எத்தனை மணி என்று அனுப்பட்டும்.

வாய்மொழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. காலேஜில் சேருவேன் என்று மாணவன் கையெழுத்திடும் பழைய லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறையை 2024 அக்டோபரில் ரத்து செய்துவிட்டார்கள். இப்போது கணக்கில் வருவது காலேஜ் எழுத்தில் தரும் நிதியுதவி ஒப்பந்தம். எத்தனை டாலர், எத்தனை வருடம், காயம் பட்டால் என்ன, 34 பேரில் இடம் உண்டா என்று கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: வீட்டுக்கு வந்தோ ஹோட்டல் அறை போன்ற தற்காலிக இடத்திலோ விற்றிருந்தால், மத்திய அரசு விதிப்படி மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். முழுக்க ஃபோனிலோ இணையத்திலோ நடந்த விற்பனைக்கு அந்த விதி பொருந்தாது, அதனால்தான் எல்லாமே வீடியோ காலில் நடக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பகுதியைத் தேடி, அன்றே எழுத்தில் அனுப்புங்கள். கிரெடிட் கார்டு என்றால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்கான மின்னஞ்சல், குறுஞ்செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.