ஹூஸ்டனில் வாடகைக் கார் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

ஹூஸ்டன் போய் புஷ் விமான நிலையத்தில் கார் எடுக்கலாம் என்று இருப்பவர்கள் கவுன்டரில் போய் நிற்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தங்கை மகளுக்கு ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலில் காதுகுத்து. அதற்காகக் குடும்பத்தோடு போயிருந்தோம். விமானம் தாமதம், நள்ளிரவு நெருங்கிவிட்டது, பிள்ளைகள் பெட்டிமேலேயே தூங்குகிறார்கள். கவுன்டரில் இருந்தவரிடம் என் கிரெடிட் கார்டிலேயே காப்பீடு இருக்கிறது, உங்கள் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். சரி என்றார். டோல் எப்படி என்று கேட்டதற்கு, "ஓட்டின டோலுக்கு மட்டும்தான் காசு" என்றார். அப்புறம் சின்னத் திரை ஒன்றை என் பக்கம் திருப்பினார். அதில் கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான் தெரிந்தது. இது எதற்கு என்றேன். டெபாசிட்டுக்கு என்றார். காகிதம் கேட்டேன், மெயிலில் வரும் என்றார்.

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அந்த மெயில் வந்தது. வேண்டாம் என்ற இன்சூரன்ஸ் எல்லா நாளுக்கும் ஏற்றப்பட்டிருந்தது. சில வாரம் கழித்து டோல் பில் தனியாக வந்தது. ஹார்டி டோல் ரோட்டில் ஒரே தடவை போனதற்கு நாலு டாலர்கூட ஆகவில்லை. ஆனால் சேவைக் கட்டணம் என்று நாளுக்கு 12 டாலருக்கு மேல், கார் எங்களிடம் இருந்த அத்தனை நாளுக்கும். தங்கை வீட்டு வாசலில் வண்டி சும்மா நின்ற நாளுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளோடு அசந்து நிற்கிற நேரம் பார்த்துப் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியின் டோல் ரோடுகளில் காசு வாங்கும் சாவடியே கிடையாது. வண்டியில் டோல் கட்டும் டேக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். வாடகைக் கார் என்றால் பில் நேரே கம்பெனிக்குப் போகும், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் டோல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. கூகுள் மேப்பில் டோல் தவிர்க்கும் வசதியை விமான நிலையத்திலேயே போட்டுவிடுங்கள். வில் கிளேட்டன் பார்க்வேயில் கிழக்கே போய் 69ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் டவுன்டவுன் வரை டோல் இல்லை. கோயிலுக்குப் போகும் 288இலும் கேட்டி பக்கம் போகும் 10இலும் நடுவில் இருக்கும் எக்ஸ்பிரஸ் லேன்களுக்குத்தான் காசு, அவற்றில் ஏறாதீர்கள். பெல்ட்வே 8இல் பெரும்பகுதி டோல், பக்கத்தில் ஓடும் ஃபீடர் ரோடு இலவசம், சிக்னல்தான் அதிகம். நாசா ஸ்பேஸ் சென்டரும் கால்வெஸ்டன் கடற்கரையும் 45இல் தெற்கே, டோல் தேவையே இல்லை.

மெடிக்கல் சென்டரில் சிகிச்சைக்கோ மியூசியம் பார்க்கவோ மட்டும் போகிறீர்கள் என்றால் கார் எடுக்கும் முன் யோசியுங்கள். டவுன்டவுனிலிருந்து இரண்டுக்கும் ரெட் லைன் ரயில் போகிறது, டிக்கெட் 1.25 டாலர்.

கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால் முழு ஒப்பந்தத்தையும் திரையில் மேலிருந்து காட்டச் சொல்லி, அதில் இருக்கும் ஒவ்வொரு கட்டணத்தின் தொகையையும் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை. டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டு கொடுத்ததால்தான் வங்கியில் முறையிட்டு இன்சூரன்ஸ் பணத்தைத் திரும்ப வாங்க முடிந்தது. டோல் சேவைக் கட்டணத்துக்குக் கம்பெனி இன்னும் என் கையெழுத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் நீங்களும் அங்கே கொடுங்கள்.