டேங்க்ல தண்ணி: வடிக்கிறதா, மருந்து ஊத்துறதா, அடியிலிருந்து உறிஞ்சுறதா?

போட்ட கட்டி வச்சிருக்கிறப்ப இன்ஜின் ஜம்முனு ஓடும், அலையில ஏறி இறங்க ஆரம்பிச்சதும் மூச்சு வாங்கும், ஆர்பிஎம் ஏறும் இறங்கும், கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னுடும். இந்த குணத்த பார்த்தா நான் முதல்ல சந்தேகப்படுறது எரிபொருள் டேங்க்ல சேர்ந்த தண்ணியத்தான். இன்ஜினுக்கு எரிபொருள இழுக்கிற பிக்கப் குழாய் டேங்க் அடியத் தொடாது, கொஞ்சம் மேலயே நிக்கும், அதனால ஆடாம இருக்கிற வரைக்கும் தண்ணி அதுக்கு கீழ பேசாம படுத்து கெடக்கும், குலுங்கினா தான் எழுந்து வந்து குழாய்க்குள்ள போகும்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி பில்டர் பௌல்ல (பில்டருக்கு அடியில தண்ணி சேர்ற கிண்ணம்) இருக்கிறத ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வைங்க. தண்ணிய 1ன்னு வச்சா டீசலோட அடர்த்தி 0.84 பக்கம், பெட்ரோல் அதவிட லேசு, ரெண்டுலயும் தண்ணி கீழ இறங்கி ஒரு கோடு தெரியும். நான் ஒரு தடவ கோடே இல்லன்னு சந்தோஷப்பட்டேன், பிடிச்ச சரக்கு அவ்ளோ தெளிவா இருந்துச்சு. அப்புறம் ஒரு சந்தேகத்துல கேசரி கலர ஒரு சொட்டு விட்டா பாட்டில் முழுக்க ஆரஞ்சு ஆயிடுச்சு! அந்த கலர் தண்ணியில தான் கரையும், டீசல்ல கரையாம குண்டுமணி மாதிரி உருண்டு அடியில போய் உக்காரும். அதாவது நான் பிடிச்சது மொத்தமும் தண்ணி, கோடு எங்கிருந்து வரும்.

சரி, இப்ப என்ன பண்றது. எல்லாரும் முதல்ல கைய வைக்கிறது செபரேட்டர் பௌல, அதாவது தண்ணிய பிரிச்சு பிடிக்கிற அந்த பில்டரோட கிண்ணத்த வடிக்கிறதுல தான். கொஞ்சமா வர்ற தண்ணிக்கு இது போதும், செலவும் இல்ல. ஆனா டேங்க்ல லிட்டர் கணக்குல கெடந்தா பௌல் சீக்கிரமே நிறைஞ்சுடும், நிறைஞ்சதுக்கு அப்புறம் வர்ற தண்ணி நேரா பம்புக்கும், எரிபொருள பீச்சுற இன்ஜெக்டருக்கும் தான் போகும், புது காமன் ரெயில் இன்ஜின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொது குழாயில இருந்து டீசல் போறது) ஆயிரம் பாருக்கு மேல பிரஷர் ஓடுது, அங்க தண்ணிக்கு டீசல் மாதிரி வழவழப்பு இல்லாததால அந்த பாகங்க தேஞ்சு போயிடும், பில்லப் பார்த்தா நமக்கு மயக்கம் வந்துடும்.

அடுத்தது பாட்டில் மருந்து. இதுல ரெண்டு ஜாதி இருக்கு, கடையில யாரும் பிரிச்சு சொல்றதில்ல. ஒண்ணு தண்ணிய பொடிப்பொடியா உடைச்சு எரிபொருளோட கலக்குறது, இன்னொண்ணு கலந்தத பிரிச்சு கீழ இறக்குறது. செபரேட்டர் மாட்டின டீசல் போட்ல முதல் ஜாதிய ஊத்தினா செபரேட்டர் பண்ற வேலையையே கெடுத்த மாதிரி, கலந்து போன தண்ணிய அதால பிடிக்க முடியாது. ஊத்தியே தீரணும்னா ரெண்டாவது வகைய ஊத்தி, கொஞ்ச நேரம் விட்டு அடியில வடிங்க. பூஞ்சை மருந்து வேற கதை, டீசலும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல கிருமி வளர்ந்து கருப்பு கொழகொழன்னு பில்டர அடைக்கும், அத கொல்லலாம், ஆனா செத்ததும் பில்டர்ல தான் வந்து சேரும், தண்ணியும் அங்கயே தான் இருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்னா மருந்து பேச்சே வேணாம். பத்து சதவீதம் எத்தனால் இருக்கிற பெட்ரோல் சுமார் அரை சதவீதம் வரைக்கும் தண்ணிய தனக்குள்ள வச்சுக்கும், அதத் தாண்டினா எத்தனாலையும் கூட்டிக்கிட்டு தண்ணி அடியில போயிடும், மேல மிஞ்சுறதுக்கு ஆக்டேனும் (இன்ஜின் தட்டாம எரியிற தரம்) கம்மி. மொத்தத்தையும் வெளிய எடுக்கிறது தான் வழி.

பாலிஷிங்னு ஒண்ணு, எரிபொருள வெளிய இழுத்து பில்டர்ல சுத்த விட்டு திரும்ப டேங்க்ல விடுறது. டீசலுக்கு அருமையான வேலை, தூசி அழுக்கு எல்லாம் போகும். ஆனா ஹோஸ் நுனி டேங்கோட தாழ்வான மூலைக்கு போகலன்னா மணிக்கணக்கா சுத்தினாலும் தண்ணி அங்கயே தான் கெடக்கும், உள்ள தடுப்பு இருக்கிற டேங்க்ல இது ரொம்ப சகஜம்.

நான் ஓட்டு போடுறது அடியிலிருந்து உறிஞ்சுறதுக்கு தான். ஒரு ராத்திரி ஆடாம விட்டு, தாழ்வான மூலைக்கு ஒரு விறைப்பான குழாய இறக்கி, கை பம்புல மெதுவா இழுக்கணும், முதல்ல தண்ணி வரும், அப்புறம் கலங்கல், அப்புறம் நல்ல டீசல், அங்க நிறுத்திடலாம். பெட்ரோல்ல சாதாரண மின் பம்ப மாட்டிடாதீங்க, ஒரு பொறி போதும் போட்டே போயிடும். டேங்க திறந்து கழுவுறது சகதி கெட்டியா படிஞ்சிருந்தா மட்டும்.

இவ்ளோ பண்ணியும் ரெண்டாவது வாரமே என் பௌல்ல திரும்ப முத்து முத்தா தண்ணி. கடைசியில பார்த்தா டெக்ல எரிபொருள் ஊத்துற மூடியோட ஓ-ரிங்ல (ரப்பர் வளையம்) ஒரு மயிரிழை வெடிப்பு, டெக்க கழுவுற ஒவ்வொரு தடவையும் நானே தான் உள்ள ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். ரிங் மாத்தினதுக்கு அப்புறம் பௌல் அடியில ஒரு முத்து கூட காணோம்.