காலை ஏழு மணி பேஸ்பால்: எம்எல்பி.டிவி சந்தா கட்டலாமா?

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க பேஸ்பால் பார்க்கக் காசு கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம் என்றுதான் சொல்வேன். காலையில் வீட்டில் இருப்பவராக மட்டும் இருக்க வேண்டும். 2025 சீசன் முழுக்க எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் எம்எல்பி.டிவி, அதாவது அமெரிக்க பேஸ்பால் லீக்கின் ஒளிபரப்புச் செயலி, ஓடியது. நான் இடைநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் பழக்கிய பழக்கத்தில், பந்து எங்கே போகிறது என்பதைவிட பேஸில் (ஓடி அடைய வேண்டிய நான்கு முனைகளில் ஒன்றில்) நிற்கும் ஆள் என்ன செய்கிறார் என்றுதான் என் கண் போகும். அந்தக் கண்ணோடு எழுதும் விமர்சனம் இது.

முதலில் நேரம். அவர்களுடைய சீசன் மாதங்களில் நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 7:05க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 7:05க்கு. லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டம் என்றால் பத்து மணிக்கு மேல். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து மீன் கழுவிக்கொண்டே பார்க்கலாம். பிரீமியர் லீக்குக்காக நடுராத்திரியில் மாமாக் கடையில் கொட்டாவி விடும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அமெரிக்காவின் பகல் ஆட்டங்கள் மட்டும் நமக்கு நள்ளிரவில் விழும். அவற்றை விட்டுவிடுங்கள்.

செயலி நன்றாகவே இருக்கிறது. 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். உள்ளூர் அணியின் வர்ணனையா, வந்த அணியின் வர்ணனையா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஆட்டத்தை இரண்டு பக்கத்து வாயாலும் கேட்பது தனிச் சுகம். படத்தை வைத்துக்கொண்டு வானொலி வர்ணனையைக் கேட்கவும் வழி உண்டு. வானொலிக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள், ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்லாமல் விடுவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஸ்கோரை மறைத்து வைத்துவிட்டு, இரவில் பத்து நிமிடச் சுருக்கத்தைப் பார்க்கலாம். விலை, 2025ல் முழு சீசனுக்கு அமெரிக்காவில் 150 டாலர் அளவில். நம் காசுக்கு 600 ரிங்கிட்டுக்கு மேல். கொஞ்சம் கடிக்கும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவிலேயே இருந்து சந்தா கட்டுகிறவர்களுக்குத் தங்கள் ஊர் அணியின் ஆட்டம் பல நேரம் தெரியாது. உள்ளூர் தொலைக்காட்சிக்கு உரிமை விற்றுவிட்டதால் இருட்டடிப்பு செய்துவிடுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. ஒரு விளையாட்டு தன் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஜெலுத்தோங்கில் இருக்கும் எனக்குத் திறந்து வைத்திருக்கிறது. ரசிகர்களைக் கூட்ட வேண்டும் என்று அவர்கள் கூட்டம் போட்டுப் பேசும்போது முதலில் இதைப் பேசலாம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

2023ல் அவர்கள் செய்த மாற்றங்கள் பேஸ்பாலைக் காப்பாற்றின என்றே சொல்லலாம். பந்து வீசும் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள்: பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20, அடுத்த ஆண்டே அந்த 20ஐ 18 ஆக்கினார்கள். 2022ல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் வந்ததும் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. கையுறையைக் கழற்றி மாட்டி, தொப்பியைச் சரிசெய்து, வானத்தைப் பார்த்து, எச்சில் துப்பி, அப்புறம் பந்து போடும் கதையெல்லாம் ஓய்ந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேஸில் நிற்பவரைப் பயமுறுத்த பிட்சர் சும்மா சும்மா அந்த பேஸை நோக்கிப் பந்தை எறிய முடியாது. இரண்டு முறைக்கு மேல் போனால், மூன்றாவதில் ஆளை அவுட் ஆக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அவர் அடுத்த பேஸுக்கு நடந்து போய்விடுவார். பேஸின் அகலத்தையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். விளைவு, பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டு 2022ல் 2,486 ஆக இருந்தது, 2023ல் 3,503. ஓட்டம் திரும்ப வந்துவிட்டது.

ஆனால் அந்த ஓட்டத்தை நமக்குக் காட்டுகிறார்களா? என் பெரிய குறை இதுதான். ஆட்டம் முழுக்க ஒரே கேமரா கோணம்: பிட்சரின் முதுகு, எதிரே அடிக்கும் பேட்டர், அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர், அம்பயர். மைதானத்தில் மற்ற ஏழு பேர் எங்கே நிற்கிறார்கள், பேஸில் இருப்பவர் எத்தனை அடி நகர்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போய் சமையல்கட்டு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டு வருவது போல.

2025 உலகத் தொடரின் (லீக்கின் இறுதிக் கோப்பைத் தொடர் அது) ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் சனிக்கிழமை இரவு. நமக்கு நவம்பர் 2, ஞாயிறு காலை எட்டு மணி. இதைவிட வசதியான நேரம் கடவுள் நினைத்தாலும் தர முடியாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்து 4-4 ஆக்கிவிட்டார். பதிலுக்கு டொராண்டோவின் ப்ளூ ஜேஸ் ஆடும்போது மூன்று பேஸிலும் ஆள், ஒரே ஒரு அவுட். மூன்றாவது பேஸில் இருந்த கைனர்-ஃபலேஃபா வீடு, அதாவது ஹோம் தட்டு, வந்து சேர்ந்தால் கோப்பை டொராண்டோவுக்கு. பேட்டர் வார்ஷோ தரையோடு அடித்தார். ரோஹாஸ் தடுமாறியபடி பந்தைப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். கேட்ச்சர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் தட்டிலிருந்து எழும்பி, மறுபடி பதிந்தது. அவுட். மயிரிழை.

ஏன் மயிரிழை? கைனர்-ஃபலேஃபா மூன்றாவது பேஸை ஒட்டியே நின்றிருந்தார். பந்து தரையில் படாமல் நேராக மூன்றாவது பேஸ்காரர் கைக்குப் போனால் இரட்டை அவுட் ஆகிவிடும் என்று அவரை ஒட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள். அது சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். நான் பழக்கிய பிள்ளையாக இருந்தால் இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் பந்து போடும் முன் அந்தக் குட்டி இடைவெளி திரையில் தெரியவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் சோபாவில் இருந்த நான் கத்தியிருப்பேன். பேட்மிண்டனைத் தவிர வேறு எதையும் மதிக்காத எங்கள் வீட்டுக்காரர்கூட என்னவென்று கேட்டிருப்பார்.

அதனால் லீக்குக்கு என் முதல் யோசனை: சந்தாதாரருக்கு ஓர் அகலக் கேமரா கொடுங்கள். ஹோம் தட்டுக்குப் பின்னால், உயரத்தில், மைதானம் முழுக்கத் தெரியும்படி. இல்லாவிட்டால் கிரிக்கெட்டில் ஃபீல்டிங் படம் போடுவதுபோல ஓரத்தில் ஒரு சின்ன வரைபடமாவது. ஒவ்வொரு வீரரும் நகரும் இடத்தை அளக்கும் கருவிகள் அவர்களிடம் 2015லிருந்தே இருக்கின்றன. பந்து மட்டையிலிருந்து மணிக்கு எத்தனை மைலில் கிளம்பியது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்கிறார்கள். பேஸை விட்டு எத்தனை அடி என்பதையும் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது யோசனை, புதிதாக வருகிறவர்களுக்கு. எங்கள் பக்கத்து மாமாக் கடையில் ஒரு நாள் காலையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, என் கைப்பேசியிலிருந்து அவர்கள் திரைக்கு ஆட்டத்தைப் போட்டுவிட்டேன். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், அடிக்கவே இல்ல, நடந்து போறான். கை தட்டுறாங்க. எதுக்கு?" பிட்சர் சரியில்லாத நாலு பந்து, அதாவது நாலு பால், போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம், அதுதான் வாக் என்று விளக்கினேன். "அப்ப அடிக்காம நின்னா லாபமா?" சில நேரம் ஆமாம் தம்பி, என்றேன். ரொட்டி சானாய் கேட்டு ஆள் வந்ததும் அவர் போய்விட்டார். எம்எல்பி.டிவியில் ஒரு தொடக்கக்காரர் வர்ணனை இருந்தால், அந்தத் தம்பி இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருப்பார். உள்ளூர் அணி வர்ணனை, எதிரணி வர்ணனை, வானொலி, ஸ்பானிஷ் எல்லாம் வைத்திருக்கிறார்கள்; முதல்முறை பார்ப்பவருக்கு ஒன்று வைப்பது பெரிய செலவா?

மைதானத்தில் கூட்டத்தைப் பிடித்து வைக்கும் வித்தையைக் கொரியாவிடம்தான் கற்க வேண்டும். அங்கே பத்தே அணிகள். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, மேடையில் நின்று கூட்டத்தை ஆட்டிவைக்க ஒருவர், கையில் பொரித்த கோழி. 2024ல் முதல்முறையாக ஒரு கோடிப் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெரிய திரையில் "சத்தம் போடுங்கள்" என்று எழுத்து வந்தால்தான் சத்தம் போடுகிறார்கள்.

ஜார்ஜியாவின் சவானா பனானாஸ் என்ற வேடிக்கை பேஸ்பால் குழுவின் சர்க்கஸையும் பார்த்தேன். இரண்டு மணி நேரம்தான் ஆட்டம், கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்தை ரசிகர் பிடித்தால் பேட்டர் அவுட். 2025ல் கிளெம்சன் பல்கலைக்கழக மைதானத்தில் 81,000 பேர் வந்தார்களாம். நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் பன்ட் செய்தால், அதாவது மட்டையால் மெல்லத் தட்டி வைத்தால், ஆளையே வெளியேற்றுவார்களாம். அங்கே எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாது.

மூன்றாவது, பிட்சர் விஷயம். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்சரை ஐந்து இன்னிங்ஸ் சுமாரில் எடுத்துவிட்டு வரிசையாக வேகப்பந்து ஆட்களை இறக்குகிறார்கள். முகம் மனதில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். அமெரிக்காவின் சிறிய லீக்கான அட்லாண்டிக் லீக்கில் ஒரு விதியைச் சோதித்தார்கள்: ஸ்டார்ட்டரை எடுத்தால், பிட்சருக்குப் பதிலாக அடிக்கும் டிஎச் ஆளையும் இழக்க வேண்டும். இதை ஐந்து இன்னிங்ஸுக்கு முன்னால் எடுத்தால் மட்டும் என்று வைத்தால் போதும். அதே உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோவை நினைத்துப் பாருங்கள். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிவிட்டு, மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து 11வது இன்னிங்ஸ்வரை நின்று டாட்ஜர்ஸுக்குக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். ஜனங்கள் பார்க்க வருவது அப்படி ஒரு ஆளைத்தான்.

பந்து பாலா, அடிக்கக்கூடிய ஸ்டிரைக்கா என்று அம்பயர் சொன்னதை எதிர்த்து முறையிடும் விதி 2026ல் வந்தது. பேட்டரோ பிட்சரோ கேட்ச்சரோ தலையைத் தட்டினால் இயந்திரம் தீர்ப்பு சொல்லும். அணிக்கு இரண்டு வாய்ப்பு. நல்லது. அம்பயர் முழுக்கப் போய்விடாமல் இருப்பது அதைவிட நல்லது, திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

கூடுதல் இன்னிங்ஸில் சும்மாவே ஒரு ஆளை இரண்டாவது பேஸில் நிறுத்தும் விதி மட்டும் எனக்கு ஒவ்வாது. வழக்கமான சீசனுக்குச் சரி. சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான பிளேஆஃபில் அது இல்லாததால்தான் 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. காலை எட்டுக்குத் தொடங்கி மதியம் மூன்று மணிக்குக் கிட்டத்தில் டாட்ஜர்ஸின் ஃப்ரெட்டி ஃப்ரீமன் அடித்து முடித்தார். அதே அணியின் ஓடானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டு இணையம் 14வது இன்னிங்ஸில் படுத்துவிட்டது, அது எம்எல்பி.டிவியின் குற்றமில்லை. கைப்பேசி டேட்டாவில் பார்த்து முடித்தேன், அந்த மாதக் கோட்டா அன்றோடு தீர்ந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: முழு சீசன் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அமைப்பில் போய் அதை நிறுத்தி வையுங்கள். முதலில் இலவசக் கணக்கு திறந்து, தினமும் ஓர் ஆட்டம் என்று அவர்கள் இலவசமாகக் காட்டுவதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டமும் பார்க்க வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். எந்த அணி என்று தெரியாவிட்டால், டொராண்டோவை எடுங்கள். அவர்கள் ஆட்டம் நம் காலைக்குச் சரியாக வரும், அந்தத் தோல்விக்குக் கணக்குத் தீர்க்கவும் வேண்டியிருக்கிறது.